"உடம்பு சரியில்லை" என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?

கேள்வி, 11 நவம்பர் 2024

ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று இரவிலிருந்து காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் நோவு. காலையில் அலுவலகத்துக்கு என்ன எழுதி அனுப்புவது? "இஷ் பின் ஷ்லெஹ்ட்" என்று தட்டி வைத்திருக்கிறேன். ஜெர்மன் பி1 நிலை வரை படித்தவன்தான். மருத்துவரிடம் பேசுவது பற்றிய பாடம் நடத்திய வாரம் எனக்கே காய்ச்சல், வகுப்புக்குப் போகவில்லை. நோய் பற்றிய சொற்களை யாராவது சொல்லுங்கள்.

11 நவம்பர் 2024, கால் மணி நேரம் கழித்து

அனுப்பிவிடாதீர்கள்! "இஷ் பின் ஷ்லெஹ்ட்" என்றால் "நான் கெட்டவன்" என்று அர்த்தம். சேர்ந்த மூன்றாவது வாரத்தில் மேலாளருக்கு அந்த வாக்குமூலம் வேண்டாம்.

இப்படி எழுதுங்கள்: "இஷ் பின் லைடர் கிராங்க் உண்ட் கான் ஹொய்டே நிஷ்ட் கொம்மென்." உடம்பு சரியில்லை, இன்று வர இயலாது, அவ்வளவுதான். என்ன நோய் என்று எழுத வேண்டாம். "கடும் காய்ச்சலால் அவதிப்படுவதால்" என்று பள்ளிக்கூட விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது, தெரியும். அடக்கிக்கொள்ளுங்கள். இங்கே அதைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. வேலை நேரம் தொடங்கும் முன் அனுப்பிவிட்டு, கஞ்சி குடித்துப் படுங்கள். மூன்று நாள் வரை மருத்துவச் சீட்டு தேவையில்லை.

12 நவம்பர் 2024

கேட்டவர் தூங்கட்டும். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, அதனால் ஒன்பது வருடமாக மனதில் வைத்திருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஆட்கள் ஜெர்மனில் நோயைச் சொல்லும்போது தடுக்கி விழுவது ஆங்கிலம் வழியாகப் போவதால்தான். ஆங்கிலத்தில் "ஐ ஆம்" வரும் இடத்தில் எல்லாம் "இஷ் பின்" போட்டுவிடுகிறோம். "இஷ் பின் கால்ட்" என்றால் ஈரமில்லாத மனுஷன் என்றாகிவிடும். "இஷ் பின் ஹைஸ்" என்றால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுத மாட்டேன். கோடைக்காலத்தில் அலுவலகச் சமையலறையில் அதைச் சொன்னவன் நான், சுற்றி நின்றவர்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

தமிழில் யாராவது "நான் குளிர்" என்போமா? எனக்குக் குளிருது. ஜெர்மனும் அதையேதான் சொல்கிறது. "மிர்" என்றால் "எனக்கு". மிர் இஸ்ட் கால்ட், எனக்குக் குளிருது. மிர் இஸ்ட் வார்ம், எனக்குப் புழுக்கமாக இருக்கு. மிர் இஸ்ட் ஷ்லெஹ்ட் அல்லது மிர் இஸ்ட் யூபெல், எனக்குக் குமட்டுது. மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ், எனக்குத் தலை சுத்துது. மிர் டூட் டேர் கோப்ஃப் வே, எனக்குத் தலை வலிக்குது. சொல்லுக்குச் சொல் உட்காருகிறது பாருங்கள். நான்காம் வேற்றுமையில் நாமும் அவர்களும் பங்காளிகள். நடுவில் ஆங்கிலத் தரகர் எதற்கு?

12 நவம்பர் 2024, மறுபடியும்

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. ஷ்விண்டெல் என்றால் தலைசுற்றல். அதே சொல்லுக்கு மோசடி என்றும் பொருள். தலையைச் சுற்றவைத்துத்தானே ஏமாற்றுகிறான்.

13 நவம்பர் 2024

நான் கொஞ்சம் அதிகமாகவே குதித்துவிட்டேன். இங்கே செவிலியராக இருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்படியானால் மிர் இஸ்ட் ஃபீபர் என்று சொல்லலாமா?"

கூடாது. "இஷ் ஹாபே ஃபீபர்" என்றுதான் சொல்ல வேண்டும். "என்னிடம் காய்ச்சல் இருக்கிறது" என்கிற மாதிரி. ஆக, பங்காளி உறவு பாதி தூரம்தான். உடம்பு உணர்வது "எனக்கு" வழியில் போகும்: குளிர், குமட்டல், மயக்கம். பெயர் வைத்த நோய் "ஹாபே" வழியில் போகும்: காய்ச்சல், இருமல் (ஹூஸ்டென்), மூக்கொழுகல் (ஷ்னுப்ஃபென்), பேதி (டுர்ஷ்ஃபால்). டுர்ஷ்ஃபால் வினைச்சொல்லாக மாறினால் தேர்வில் ஃபெயிலாவதையும் குறிக்கும். பி1 தேர்வுக்கு முந்தின நாள் எனக்கு இரண்டும் நடக்குமோ என்று பயந்தது உண்டு.

சளி பிடித்தால் இன்னொரு வேடிக்கை: "இஷ் ஹாபே மிஷ் எர்கெல்டெட்." என்னை நானே குளிரப் பண்ணிக்கொண்டேன் என்று பிரிக்கலாம். எங்கள் வீட்டில் அம்மா, "தலையைத் துவட்டாம போனேல்ல, நீயா இழுத்துவிட்டுக்கிட்டே" என்று திட்டுவதை அப்படியே இலக்கணமாக்கி வைத்திருக்கிறார்கள்.

அதே வாசகி சொன்ன இன்னொன்று: சளிக்கெல்லாம் கிரிப்பே என்று சொல்லாதீர்கள். கிரிப்பே என்றால் இன்ஃப்ளூயன்சா, ஆளைப் படுக்கையில் தள்ளுவது. சாதாரணச் சளி எர்கெல்டுங். அதையே மருத்துவர்கள் "கிரிப்பாலர் இன்ஃபெக்ட்" என்று எழுதுவார்கள். பெயரில் கிரிப்பே இருக்கும், நோயில் இருக்காது. நம் மருத்துவர்கள் எதற்கெடுத்தாலும் "வைரல்" என்பது போல.

14 நவம்பர் 2024

முக்கியமான திருத்தம். மூன்று நாள் வரை சீட்டு தேவையில்லை என்று முதல் நாள் நான் எழுதியது கேள்வி கேட்டவருக்குப் பொருந்தாது. என் அனுபவத்தை வைத்துச் சொல்லிவிட்டேன்; அவர் சேர்ந்து மூன்று வாரம்தான் என்பதைக் கவனிக்கவில்லை.

நோய் மூன்று காலண்டர் நாட்களைத் தாண்டினால் அடுத்த வேலை நாளுக்குள் மருத்துவச் சான்று வேண்டும் என்பது சட்டம். காலண்டர் நாள் என்றால் சனி ஞாயிறும் சேர்த்தி. வெள்ளிக்கிழமை படுத்தால் திங்கள் நான்காம் நாள். முதல் நாளே சான்று கேட்கவும் முதலாளிக்கு உரிமை உண்டு, ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

அதைவிடப் பெரியது: வேலையில் சேர்ந்த முதல் நான்கு வாரத்துக்குள் படுத்தால் சம்பளத்தை முதலாளி தர வேண்டியதில்லை. பொதுக் காப்பீட்டில் இருந்தால் கிராங்கென்காஸே (காப்பீட்டு நிறுவனம்) தரும் "கிராங்கென்கெல்ட்" (நோய்க்காலப் பணம்) உண்டு, மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம், கையில் வருவதில் 90 சதவீதத்தைத் தாண்டாமல். அந்தப் பணம் மருத்துவர் உங்களைப் பார்த்து உறுதி செய்யும் நாளிலிருந்துதான் கணக்கு. அதனால் மூன்று நாள் படுத்துக்கிடக்காமல் முதல் நாளே போயிருக்க வேண்டும். நான்கு வாரம் தாண்டிவிட்டால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம்.

கேட்டவர் தனிச்செய்தியில் "நேற்றே போய்விட்டேன்" என்கிறார். என் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று.

14 நவம்பர் 2024, மாலை

இரண்டு வினைச்சொற்களைப் போட்டுக் குழப்பாதீர்கள். "கிராங்க்மெல்டென்" என்றால் நீங்கள் அலுவலகத்துக்குச் சொல்வது. "கிராங்க்ஷ்ரைபென்" என்றால் மருத்துவர் "இவரால் வேலை செய்ய முடியாது" என்று எழுதிக் கொடுப்பது. முதல் வருடம் நான் மனிதவளத் துறைக்குப் போன் செய்து, "இஷ் ஹாபே மிஷ் கிராங்க்கெஷ்ரீபென்" என்று கம்பீரமாகச் சொன்னேன். எனக்கு நானே சீட்டு எழுதிக்கொண்டேன் என்று. அந்தம்மா ஒரு நொடி மௌனத்துக்குப் பிறகு, "ஓ, நீங்கள் மருத்துவரும்கூடவா?" என்றார்.

அந்தச் சீட்டுக்குப் பேச்சு வழக்கில் "கெல்பர் ஷைன்", மஞ்சள் சீட்டு. 2023 ஜனவரியிலிருந்து பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு அது கிராங்கென்காஸேவுக்கு மின்வழியில் போகிறது, முதலாளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார். தாள் போய்விட்டது, மஞ்சள் போகவில்லை. பொய்யாகச் சீட்டு வாங்கி ஊர் சுற்றுவதற்கு "கிராங்க்ஃபையெர்ன்" என்று ஒரு சொல் உண்டு. ஃபையெர்ன் என்றால் கொண்டாடுவது.

17 நவம்பர் 2024

நாளை ரத்தப் பரிசோதனைக்குப் போவதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். "நுஷ்டெர்ன்" என்று சொன்னார்களாம், அகராதியில் பார்த்தால் "குடிபோதையில் இல்லாத" என்று இருக்கிறதாம். நிறுத்துங்கள். இந்தக் குழியில் நான் ஏற்கெனவே விழுந்திருக்கிறேன்.

ஜெர்மனி வந்த முதல் வருடம். ரத்தம் எடுக்க நேரம் கேட்டுப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்தவர், "கொம்மென் ஸீ பிட்டே நுஷ்டெர்ன்" என்றார். நானும் அகராதி பார்த்தேன். போதையில்லாமல் வரவும்! ரத்தம் கொதித்தது. மதுரையில் எங்கள் தெருவில் பீர் பாட்டிலைப் பார்த்தால் பாதை மாறிப் போகிற குடும்பம் நாங்கள். காலை எட்டு மணிக்கு ஒருவன் குடித்துவிட்டு வருவான் என்று எதை வைத்து நினைத்தார்கள்?

மறுநாள் காலை நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, மேலே நல்லெண்ணெய் விட்டு மிளகாய்ப்பொடி, ஒரு டம்ளர் காபி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டார்: "ஸின்ட் ஸீ நுஷ்டெர்ன்?"

"யா," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "இம்மர்." எப்போதும்.

அவர் சிரித்தார். நான் எப்போதுமே பட்டினி கிடக்கிறேன் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எகிறிக் கிடந்தது. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, எப்போதிலிருந்து என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில்தான், "அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார். இட்லியை விளக்குவதற்கே ஐந்து நிமிடம் ஆனது.

மருத்துவரிடம் நுஷ்டெர்ன் என்றால் வெறும் வயிறு. இரவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். மடத்துத் துறவிகள் விடியுமுன் எதுவும் உண்ணாமல் வழிபாட்டுக்குப் போன நிலை. குடிக்காதவன் என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. நாளைக்குத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.

18 நவம்பர் 2024

"நமக்குத் தெரிந்த சொல்லே காலை வாரிவிட்ட கதை வேறு உண்டா?" என்று ஒருவர் கேட்கிறார். உண்டு. ஆங்கீனா.

தொண்டை வலி, காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. மருத்துவர் நாக்கை அழுத்திப் பார்த்தார், "ஸீ ஹாபென் ஐனே ஆங்கீனா" என்றார். எங்கள் வீட்டில் ஆஞ்சைனா என்றால் அப்பாவின் நெஞ்சு. ஸ்டென்ட் வைப்பதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டில் அந்த ஒரு சொல்தான் ஓடியது. அப்போது எனக்கு வயது 34. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஓபெராட்சியோன்?" என்று கேட்டேன். அவர் விழித்தார். பத்து நாளைக்கு பென்சிலின் எழுதிக் கொடுத்தார். இதய நோய்க்குப் பென்சிலினா என்று டிராமில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டுக் கலங்கியதுதான் மிச்சம்.

இங்கே வெறும் ஆங்கீனா என்றால் டான்சில் வீக்கம். நெஞ்சு விவகாரம் "ஆங்கீனா பெக்டோரிஸ்". நெரிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எங்கே நெரிக்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

இன்னும் சில, வேகமாக. க்ளீனிக் என்றால் நம் தெருமுனை டாக்டர் அறை இல்லை, பெரிய ஆஸ்பத்திரி. தெருமுனை டாக்டர் இருக்கும் இடம் பிராக்ஸிஸ். ரெட்செப்ட் மருந்துச் சீட்டும் ஆகும், சமையல் குறிப்பும் ஆகும். யூபர்வைசுங் என்றால் வேறு மருத்துவரிடம் அனுப்பும் கடிதம், வங்கியில் பணம் அனுப்புவதும் அதுவே. கிஃப்ட் என்றால் விஷம்.

20 நவம்பர் 2024

"இரவில் 102 காய்ச்சல், எங்கே கூப்பிடுவது" என்று இன்னொருவர். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அவ்வளவு இல்லை, ஆனால் விடியும்வரை பொறுக்க முடியாது என்றால் 116117. போனில் 102 என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே செல்சியஸ். 100 டிகிரியில் தண்ணீரே கொதிக்கும், நீங்கள் அதையும் தாண்டிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் 102 என்பது இவர்களுக்கு 38,9. ஆமாம், புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி.

23 நவம்பர் 2024

வலி எப்படிப்பட்டது என்று மருத்துவர் கேட்டால் என்ன சொல்வது? நேரம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் வலி விஷயத்தில் தமிழன் பணக்காரன்.

குத்துகிற வலி "ஷ்டெஷென்ட்". எரிகிற வலி "பிரென்னென்ட்". அழுத்துகிற வலி "ட்ருக்கென்ட்". இழுக்கிற வலி "ட்சீயென்ட்". விண் விண்ணென்று தெறித்தால் "பொஹென்ட்", கதவைத் தட்டுகிற மாதிரி. எங்கே என்று சுட்டிக்காட்ட முடியாமல் மந்தமாகக் கிடந்தால் "டும்ப்ஃப்". கடைசியைத் தவிர எல்லாமே வினைச்சொல்லில் "-எண்ட்" ஒட்டி வருபவை. நம் பெயரெச்சம் போலத்தான், குத்துகிற, எரிகிற, இழுக்கிற. வினை தெரிந்தால் வலி தெரிந்தது.

பல் குடைந்துகொண்டே இருந்த ஒரு நாள், குடைச்சலுக்கு ஜெர்மனில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போனேன். விரலைத் திருகித் திருகிக் காட்டினேன். "ஆ, போரென்ட்!" என்றார். துளைபோடுகிற வலி. சொல்லிக்கொண்டே தன் துளைக்கருவியை எடுத்தார், அதன் பெயரும் போரர்தான். வலியையும் வைத்தியத்தையும் ஒரே வேரில் வைத்திருக்கும் மொழியைப் பார்த்துப் பயந்தது அன்றுதான்.

கடுக்கிற வலிக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. நாள் முழுக்க நின்றால் கால் கடுக்கும், அது. யாராவது "முஸ்கெல்காட்டர்" என்று எழுதாதீர்கள். அது உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி. காட்டர் என்றால் ஆண் பூனை. தசைப்பூனை! கட்டார் என்ற பழைய நோய்ப்பெயர் மக்கள் வாயில் பூனையாகிவிட்டது என்கிறார்கள். குடித்த மறுநாள் தலைவலிக்கும் அதே பூனைதான்.

1 டிசம்பர் 2024

எங்கள் கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். 1985-இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர், எனக்கு ஜெர்மன் தெரிந்ததில் பாதி அவர் தயவு. நான் குடிவந்த புதிதில் ஒரு நாள் கதவைத் தட்டி, "தம்பி, மாமிக்கு வருத்தம், ஒருக்கா டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும், கார் எடுப்பீங்களோ?" என்றார்.

நான், "என்னக்கா மனஸ்தாபம்? பேசித் தீர்த்துக்கலாமே, டாக்டர் எதுக்கு?" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அவர்களுக்கு வருத்தம் என்றால் நோய். தலைவலி தலையிடி, வாந்தி சத்தி, சளி தடிமன், இடுப்புவலி நாரிநோ. அன்றைக்கு இரண்டு தமிழுக்கும் நடுவில் ஒரு ஜெர்மன் மருத்துவர்தான் மொழிபெயர்த்துவைத்தார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஜெர்மனில் "லைட்" என்றால் துயரம், "எஸ் டூட் மிர் லைட்" என்றால் "எனக்கு வருத்தமாக இருக்கு". "லைடென்" என்றால் துன்பப்படுவது, நாள்பட்ட நோயும் அதுவே. இதய நோய்க்கு ஹெர்ட்ஸ்லைடென். அக்காவின் வருத்தமும் என் வருத்தமும் இவர்களிடம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

2 டிசம்பர் 2024

நேற்றைய பதிவுக்குப் பின்குறிப்பு: லைட், லைடென் இரண்டும் ஒரே வேர் இல்லையாம். லைடென் என்பது ஆதியில் "போவது" என்ற பொருளில் இருந்து, பிறகு லைட் பக்கம் சாய்ந்துவிட்டதாம். ஒரே வீடு என்றேன். இல்லை, பக்கத்து வீடு, சுவரை இடித்துவிட்டார்கள்.

வேர் தோண்டுவதில் ருசி கண்டுவிட்டதால் இன்னும் இரண்டு. கிராங்க் என்ற சொல்லுக்கு இடைக்காலத்தில் நோய் என்று பொருள் இல்லை. ஒல்லி, பலமில்லாதவன், நம் "நோஞ்சான்". நோயாளிக்கு அன்றிருந்த சொல் "ஸீஷ்". நோஞ்சான் மெதுவாக நோயாளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டான். ஸீஷ் சொல்லின் உறவுதான் "ஸூஹ்ட்". இன்று அதற்கு அடிமைப்பழக்கம் என்று பொருள், ஆனால் பழைய நோய்ப்பெயர்களில் இன்னும் நோயாகவே கிடக்கிறது: மஞ்சள் காமாலை "கெல்ப்ஸூஹ்ட்", மஞ்சள் நோய். தேடுவதைக் குறிக்கும் "ஸூஹென்" சொல்லிலிருந்து வந்தது என்று ஜெர்மானியர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு.

கிராங்க் இப்போது எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி நோயாளி வீடு, ஆம்புலன்ஸ் நோயாளி வண்டி, 1883-இல் பிஸ்மார்க் காலத்துச் சட்டத்தில் வந்த காப்பீடு நோயாளிப் பணப்பெட்டி. "கிரெங்கென்" என்றால் மட்டும் நோயாக்குவது இல்லை, மனதைப் புண்படுத்துவது.

8 டிசம்பர் 2024

கொஞ்சம் சிரிக்க. கால் ஆணிக்கு ஜெர்மனில் "ஹ்யூனர்அவுகெ", கோழிக்கண். நாம் வலியைப் பார்த்து ஆணி என்றோம், இவர்கள் உருவத்தைப் பார்த்துக் கோழி என்றார்கள். கண்கட்டி "கெர்ஸ்டென்கோர்ன்", பார்லி மணி. இடுப்புப் பிடிப்பு "ஹெக்சென்ஷுஸ்", சூனியக்காரி எய்த அம்பு. போன வருடம் துணிக்கூடையைத் தூக்கும்போது எனக்கு அந்த அம்பு பட்டது. குனிந்தவன் குனிந்தபடியே பிராக்ஸிஸ் வரை போனேன்.

சர்க்கரை நோய் அப்படியே "ட்சுக்கர்கிராங்க்ஹைட்", பெரியவர்கள் "இஷ் ஹாபே ட்சுக்கர்" என்பார்கள், நம் ஊரில் "எனக்கு சுகர் இருக்கு" என்பதற்கு அச்சு அசல்.

ஒரு எச்சரிக்கை. கிரெப்ஸ் என்றால் நண்டு, கடக ராசி, புற்றுநோய், மூன்றும். "இஷ் பின் கிரெப்ஸ்" என்றால் நான் கடக ராசி. "இஷ் ஹாபே கிரெப்ஸ்" என்றால் எனக்குப் புற்றுநோய். ராசி கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

19 ஜனவரி 2025

ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா வந்திருக்கிறார். வந்த பத்தாம் நாள் நீர்க்கடுப்பு.

அம்மாவின் விளக்கம் தெளிவு: "இந்த ஹீட்டரு உடம்பைச் சூடாக்கிருச்சு." கேட்டது நீர்மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம். வெளியே மைனஸ் நாலு. சரி என்று என் ஹவுஸ்ஆர்ட்ஸ்டிடம் (குடும்ப மருத்துவர்) கூட்டிப்போனேன். சூட்டுக்கு என்ன சொல் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஹிட்ஸே என்றால் வெயில். ஃபீபர் என்றால் காய்ச்சல். உடம்பில் ஏறி உட்காரும் அந்தச் சூடு இவர்களிடம் இல்லை.

அறிகுறியைச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. "நீர் பிரியும்போது எரியுது" என்றார் அம்மா. "பிரென்னென் பைம் வாஸர்லாஸென்," என்றேன். வாஸர் என்றால் நீர், லாஸென் என்றால் விடுவது. அவர்களும் நம்மைப் போல நீர் என்றே நாசூக்காகச் சொல்கிறார்கள்.

"பிளாசென்என்ட்ஸுண்டுங்," என்றார் மருத்துவர். சிறுநீர்ப்பை அழற்சி. மருந்து எழுதிவிட்டு அம்மாவைப் பார்த்து, குளிரில் கால் நனைந்ததா, குளிர்ந்த பெஞ்சில் உட்கார்ந்தீர்களா என்று கேட்டார். சூடாக வைத்துக்கொள்ளுங்கள், வென்னீர்ப் பை வையுங்கள், சூடாகத் தேநீர் குடியுங்கள் என்றார். அதே நோய்க்கு எங்கள் ஊரில் சூடு காரணம், இவர்கள் ஊரில் குளிர் காரணம். அம்மாவிடம் மொழிபெயர்த்தேன். "சூட்டுக்கு வென்னீர் ஒத்தடமா? இவரு நிஜ டாக்டரா?" என்றார். அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

20 ஜனவரி 2025

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், வெட்கத்தில்.

கிளம்பும்போது மருத்துவர், "மற்றபடி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். அம்மா, "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். நான் யோசிக்காமல் அப்படியே பெயர்த்தேன்: யாரோ அவரை அடித்த மாதிரி இருக்கிறதாம்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதிலிருந்து மீண்டு வெளியே வருவதற்குள் எனக்கு ஜனவரியில் வியர்த்துவிட்டது. கை காலெல்லாம் வலி என்றால் "க்ளீடெர்ஷ்மெர்ட்சென்" என்று சொல்லியிருக்கலாம். அடிச்சுப் போட்டதை ஜெர்மனுக்குக் கொண்டுவர முடியாது, அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

9 பிப்ரவரி 2025

அம்மா போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். இன்று காலை மாடிப்படியில் எதிர்வீட்டுப் பெரியவர், எண்பதைத் தாண்டியவர், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இரண்டு நாளாக எர்கெல்டுங்காம். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இஷ் பின் ஹொய்டே வீ எர்ஷ்லாகென்."

வீ என்றால் போல. எர்ஷ்லாகென் என்றால் அடித்துக் கொல்லப்பட்ட. அடிச்சுப் போட்ட மாதிரி! மூன்று வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்? போன பதிவில் நான் எழுதிய கடைசி வரியை அடித்துவிடுங்கள்.

"கூட்டே பெஸ்ஸெருங்" (சீக்கிரம் குணமாகட்டும்) சொல்லி அவர் பையை மேலே கொண்டுபோய் வைத்தேன். உடனே அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல் ஆராய்ச்சி எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"அந்தத் தாத்தா தனியாவா இருக்காரு?" என்றார். "மிளகு ரசம் வச்சு ஒரு கிண்ணம் குடுத்துட்டு வா. காரம் கம்மியாப் போடு."

வைத்துக்கொண்டிருக்கிறேன். மிளகுக்கு இங்கே ஃபெஃபர்.